மேடையை மறைக்கும் முதுகுகள்

கடைசியாக எந்தக் கல்யாணத்தில் தாலி கட்டியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். கெட்டிமேளம் கேட்டிருப்பீர்கள். கையில் இருந்த அட்சதையைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். அது மாப்பிள்ளை தலையில் விழுந்ததா, வீடியோக்காரர் முதுகில் விழுந்ததா என்று தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் மேடையில் உங்களுக்குத் தெரிந்தது ஐந்தாறு முதுகுகள், இரண்டு குடை விளக்கு, தலைக்கு மேல் ஒரு கிரேன். தாலி கட்டியதைப் பக்கத்தில் வைத்திருந்த எல்.இ.டி. திரையில் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போயிருப்பீர்கள். திரையில் பார்ப்பதற்குப் பஸ் ஏறி வரவேண்டுமா? வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாமே!

செஞ்சியில் தை பிறந்தால் மண்டபம் கிடைப்பதில்லை. கல்யாணம் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம், "எந்த போட்டோகிராபரைப் போடலாம்? நீங்கள்தான் நாலு கல்யாணம் பார்க்கிறவர், சொல்லுங்களேன்" என்று கேட்கிறார்கள். கடைப் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படிப்பட்டவரைப் போட வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் காரமான அபிப்பிராயம் உண்டு. ஒரே வரியில் சொன்னால், வந்தவர்களின் கண்ணை மறைக்காதவரைப் போடுங்கள். கேமரா என்ன விலை, டிரோன் உண்டா, பாட்டுப் போட்டு வீடியோ தருவாரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

"இது என்ன பெரிய விஷயம்? கொஞ்ச நேரம் நகரச் சொன்னால் போயிற்று" என்பார்கள். பெரிய விஷயம்தான். கல்யாணம் என்பதே சாட்சி வைத்து நடக்கும் காரியம். அக்னி சாட்சி என்கிறோம். அருந்ததி பார்க்கச் சொல்கிறோம். ஐயரும் ஓமமும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் நம் சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தபோதும், உறவினர், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். நெருப்பை எடுத்துவிட்டாலும் ஊர் ஜனத்தை எடுக்க முடியவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் கல்யாணப் பதிவு நடக்கும்போது 'தெமுவேன்' கையெழுத்துப் போடுவார். சாட்சி என்று பொருள். "அவன் கல்யாணத்துக்கு நான்தான் தெமுவேன்" என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னால் அதில் ஒரு பெருமை இருக்கும். பிற்பாடு புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபம் வந்தால் பஞ்சாயத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணால் பார்த்தவனுக்குப் பொறுப்பு உண்டு. முதுகைப் பார்த்துவிட்டுப் போனவனுக்கு என்ன பொறுப்பு இருக்கும்?

போட்டோவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். கல்யாணப் படத்தின் அருமை அரசாங்க ஃபைல்களைப் புரட்டியவனுக்கு நன்றாகத் தெரியும். நான் பென்ஷன் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது, இறந்துபோன ஒரு ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்துக்கு இரண்டு பெண்கள் மனுப் போட்டார்கள். பதிவேட்டில் மனைவி பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கல்யாணம் எங்கும் பதிவாகவில்லை. முதல் அம்மாள் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம்தான். தாலி கட்டும் நேரம். மணமக்களுக்குப் பின்னால் பதினோரு முகங்கள். நாதஸ்வரக்காரர், கிராம முன்சீப், பள்ளிக்கூட வாத்தியார், விளக்குப் பிடித்த நாத்தனார் என்று ஒவ்வொருவராக அந்த அம்மாள் விரலை வைத்துச் சொன்னார். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் உயிரோடு இருந்தார்கள். தாசில்தார் விசாரணையில் அந்த நாலு பேரும் வந்து, "இதோ நிற்பது நான்தான், நான் பார்த்தேன்" என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். வாரிசுச் சான்று கிடைத்தது, பென்ஷனும் கிடைத்தது.

அந்தப் படத்தில் மணப்பெண்ணின் முகம் பாதிதான் தெரிந்தது. வெளிச்சம் சரியில்லை. இன்றைய கணக்கில் அது தோல்விப் படம். ஆனால் ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை சோறு போட்டது அந்தப் படத்தின் பின்னணியில் நின்ற முகங்கள்.

இப்போது உங்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். மணமக்கள் பளிச்சென்று இருப்பார்கள். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் மஞ்சளும் பச்சையுமாகக் கரைந்துபோன குமிழிகள். கேட்டால், "சார், அதுதான் இப்ப ஸ்டைல். பேக்ரவுண்டு பிளர் ஆனாத்தான் ரிச்சா இருக்கும்" என்கிறார்கள். ஆயிரம் ரூபாய் மொய் வைத்து, கும்பகோணத்திலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த சித்தப்பா ஒரு மஞ்சள் குமிழி. பெண்ணைத் தூக்கி வளர்த்த ஆயா ஒரு பச்சைக் குமிழி. சாட்சிகளை மேடைக்குக் கீழே கேமராக்காரர் மறைத்தார். படத்துக்குள்ளே லென்ஸ் அழித்துவிட்டது. வேலை முடிந்தது!

எங்கள் காலத்தில் கல்யாணத்துக்கு வந்தவர் கழுத்தில் யாஷிகா மாதிரி இரட்டைக் கண் கேமரா தொங்கும். நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்ப்பார். 120 பிலிம் சுருள் ஒன்றில் 12 படம். ஓர்வோ பிலிம் போட்டிருப்பார், இல்லாவிட்டால் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம். இரண்டு சுருள் என்று பேசியிருந்தால் மொத்தம் 24 படம். ஒன்று பாழானால் அவர் கைக்காசு. அதனால் எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்று முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருப்பார். மாலை மாற்றும்போது ஒன்று, தாலிக்கு ஒன்று, பயத்தில் இன்னொன்று, தாரை வார்க்கும்போது ஒன்று, கடைசியில் பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து குரூப் போட்டோ. மீதி நேரம் ஓரமாக நிற்பார். வந்தவர்கள் கல்யாணம் பார்ப்பார்கள்.

என் உறவில் போன வருஷம் நடந்த ஒரு கல்யாணத்தில் 4,600 படம் பென் டிரைவில் வந்தது. மருதாணி போட்ட கை மட்டும் அறுபத்து மூன்று. செருப்பு ஏழு. பெண்ணின் பாட்டி முகம் தெளிவாகத் தெரிகிற படம் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாட்டி ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்திரிகை விளம்பரத்துக்கு ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள்.

பிரெஞ்சில் 'கிளிஷே' என்று ஒரு சொல். போட்டோ, நெகட்டிவ் என்று அதற்கு ஒரு பொருள். எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு என்று இன்னொரு பொருள். நம் ஊரில் சொன்னால் அரைத்த மாவையே அரைப்பது. இன்றைய கல்யாணப் படத்துக்கு இரண்டு பொருளும் பொருந்துகிறது. மாப்பிள்ளை கூலிங்கிளாஸ் போட்டு நடந்து வருவார், நண்பர்கள் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள், பெண் சுற்றுவாள், பாவாடை விரியும். திண்டிவனத்தில் எடுத்ததும் திருச்சியில் எடுத்ததும் ஒன்றுபோலவே இருக்கும். முகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

"இதெல்லாம் கிழவர்களின் புலம்பல், இப்போது வருவது கேண்டிட் போட்டோகிராபி, இயல்பாக எடுப்பது" என்று இளையவர்கள் சொல்வது காதில் விழுகிறது. இயல்பாக எடுப்பது என்றால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்த வித்தையில் உலகத்துக்கே வாத்தியார் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊருக்கு வந்து போயிருக்கிறார். ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலை வந்து படம் எடுத்தார். 1950 ஏப்ரல் 14-ல் மகரிஷி சமாதியானபோது அங்கேதான் இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரையும் எடுத்தார். கையில் ஒரு சின்ன லைக்கா. ஃபிளாஷ் போடவே மாட்டார், அது மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. பளபளப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்று கேமராவின் மினுங்கும் பாகத்தைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவைத்தார். இருப்பதே தெரியாமல் இருந்து எடுப்பதற்குப் பெயர்தான் இயல்பு. "அண்ணா, ஒரு தடவை தாலியை அப்படியே பிடிங்க, அக்கா, இந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க" என்று முகூர்த்த நேரத்தில் அதட்டுவதற்குப் பெயர் கேண்டிட் என்றால், புலியின் மீசைக்குப் பெயர் துளசி.

அடுத்தது கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் 'அவுட்டோர் ஷூட்'. நம் கோட்டை இதற்கு மாட்டிக்கொண்டுவிட்டது. ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் கட்டடத்துக்குக் கல்யாண மகால் என்று பேர் வைத்தாலும் வைத்தார்கள், கல்யாணத்துக்கென்றே கட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். 2025 ஜூலையில் பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் நம்முடையது ஒன்றே ஒன்று. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் வைத்து எடுப்பதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். டிரோனை இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது. "அனுமதி வாங்கியாச்சா?" என்று உங்கள் போட்டோகிராபரிடம் கேளுங்கள். "அதெல்லாம் வாட்ச்மேனைப் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், அந்த இடத்திலேயே அவரை நிராகரித்துவிடுங்கள். கோட்டை விதியை மதிக்காதவர் உங்கள் வீட்டுப் பெரியவரை எங்கே மதிக்கப்போகிறார்?

"பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், நாம் எதற்குக் குறுக்கே?" என்று ஒதுங்குகிற பெற்றோர்கள்மேல்தான் எனக்குப் பெரிய கோபம். புடவைக்கு மூன்று நாள் காஞ்சிபுரத்தில் அலைகிறீர்கள். சமையல்காரரை அழைத்து ரசத்துக்கு எந்தப் பருப்பு என்று கேட்கிறீர்கள். அந்தச் சாப்பாடு மத்தியானத்தோடு செரித்துவிடும். அறுபது வருஷம் இருக்க வேண்டிய படத்தை மட்டும், போனில் நாலு சாம்பிள் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறீர்கள். பணத்தில் பெரும்பங்கு உங்களுடையது. வருகிறவர்கள் உங்களை நம்பி வருகிறார்கள். பேச வேண்டிய இடத்தில் பேசுவது குறுக்கே நிற்பது ஆகாது.

என்ன பேச வேண்டும்? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், தாலி கட்டும்போது எங்கே நிற்பீர்கள் என்று கேளுங்கள். மண்டபத்துக்கே அழைத்துப் போய் நின்று காட்டச் சொல்லுங்கள். மேடையின் இரண்டு ஓரத்தில் ஒவ்வொருவர் போதும். நடுவில் யாரும் நிற்கக் கூடாது. தெரிந்த தொழிலாளி ஓரத்திலிருந்தே எடுப்பார். இன்றைய லென்ஸ் தூரத்திலிருந்தே முகத்தைக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது, யார் நேரில் வருவார் என்று கேளுங்கள். பெரிய முகூர்த்த நாளில் ஒரே கடைக்கு மூன்று ஆர்டர் இருக்கும். சாம்பிள் ஆல்பம் முதலாளி எடுத்தது. உங்கள் கல்யாணத்துக்கு வருவது போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன். வருகிறவர் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். சாம்பிளிலும் பொறுக்கி எடுத்த இருபது படத்தைப் பார்க்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் முகங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, நீங்கள் ஒரு பட்டியல் கொடுங்கள். எந்தெந்தப் பெரியவர்கள், எந்தெந்தக் குடும்பம் என்று எழுதி, கூடவே அவர்களை அடையாளம் காட்ட ஒரு மருமகனையோ மச்சானையோ நிறுத்துங்கள். போட்டோகிராபருக்கு உங்கள் பெரியம்மா யார் என்று ஜோசியமா தெரியும்?

நான்காவது, எழுத்து. இது குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் பரவாயில்லை. 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் நீங்கள்தான், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில். அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த வேறு ஒப்பந்தம் இருக்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் பெண்ணின் படத்தை விளம்பரத்திலோ இன்ஸ்டாகிராமிலோ போடக்கூடாது என்று முன்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். எத்தனை நாளில் தருவார் என்பதற்கும் தேதி போடுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்ய 2009-ஆம் வருஷத் தமிழ்நாடு சட்டம் 90 நாள் கெடு வைத்திருக்கிறது. ஆல்பமோ குழந்தைக்குக் காது குத்தும்போது வருகிறது. தொகையை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். கடைசிப் பங்கு, படம் கைக்கு வந்த பிறகு. பேசியபடி நடக்காவிட்டால் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கையில் எழுத்து இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

ஐந்தாவது, காகிதம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த கலர்ப் படங்கள் சிவந்து வெளிறிவிட்டன. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளை அப்படியே இருக்கிறது. வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. பூஞ்சை பிடிக்காவிட்டாலும் போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. டி.வி.டி. இருக்கிறது, இன்றைய லேப்டாப்பில் அதைப் போட வாய் இல்லை. பென் டிரைவின் கதியும் ஒருநாள் இதுதான். அதனால் எல்லாப் படங்களையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வாங்கி, ஒன்றைப் பெண் வீட்டிலும் ஒன்றைப் பிள்ளை வீட்டிலும் வையுங்கள். அதற்குமேல் நூறு படத்தைப் பொறுக்கி நல்ல காகிதத்தில் பிரிண்ட் போட்டு, யார் யார் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடி எடுத்து டிஜிட்டலாகப் பாதுகாக்கும் வேலையைச் செய்திருக்கிறது. நம் தாத்தா பாட்டி முகத்தை ஆராய்ச்சியாளர்கள் தேடி அலைகிறார்கள். நம் வீட்டுப் பீரோவில் இருப்பதை நாமாவது காப்பாற்ற வேண்டாமா?

தொழில் செய்கிறவர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. ராத்திரி வரவேற்பு முடிந்து பன்னிரண்டு மணி, விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம், நடுவில் மண்டபத்து மூலையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்தபிறகு உட்காருவார்கள். நடுவில் வந்து நிற்பதும் அதட்டுவதும் பாதி நாம் கேட்டதால்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கிரேன் இருந்தது, நமக்கும் வேண்டும் என்று சொன்னது யார்? நியாயமான கூலியைக் குறைக்காதீர்கள். ஆளைக் குறையுங்கள், விளக்கைக் குறையுங்கள், சாமானைக் குறையுங்கள். மயிலம் முருகன் கோயிலில் நாற்பது பேர் சூழ நிற்க, ஒரே ஒரு போட்டோகிராபர் ஓரமாக நின்று எடுத்த கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் பார்வையும் மறையவில்லை, படமும் குறையவில்லை.

சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்துமாறு வேண்டுகிறோம் என்று பத்திரிகையில் அச்சடித்து, மஞ்சள் தடவி, வீடு வீடாகப் போய்க் கொடுக்கிறோம். நம்பி வருகிறார்கள், முட்டிவலியோடு வருகிறார்கள். அச்சடித்த வார்த்தையைக் காப்பாற்றுவது பத்திரிகை கொடுத்தவர் கடமை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போட்டோகிராபர் கையிலும் ஒரு பத்திரிகையைக் கொடுத்து, அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.